வேண்டாம் குழந்தை

“உங்கள் பெயரைச் சொல்லி, அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா என்று சொல்லுங்கள்” என்றது சுவரில் இருந்த பெட்டி.

“என் பேரு வேண்டாம். சம்மதம்” என்றாள் அவள்.

“மறுப்பு பதிவாகிவிட்டது” என்றது பெட்டி.

அவள் பெயர் உண்மையாகவே வேண்டாம்தான். ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமங்களில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் அப்படிப் பெயர் வைப்பார்கள். பெண் போதும், இனி வேண்டாம் என்று கடவுளுக்குத் தெரிவிக்கும் விண்ணப்பம் அது. விண்ணப்பத்தைக் குழந்தையின் நெற்றியில் ஒட்டிவிடுவார்கள். 2020ஆம் ஆண்டு கன்னியப்பன் தன் மூன்றாவது மகளுக்கு ஒட்டியது, 2051இல் அந்த மகள் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த ஊர்ப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வந்து, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோதும் அப்படியே இருந்தது.

“அக்கா, அந்த வார்த்தையைச் சொல்லாம பேரைச் சொல்லுங்கக்கா” என்றாள் செவிலியர் எஸ்தர். அவளுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

“அதாங்க என் பேரு!”

எஸ்தர் பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். க.வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். மறுப்பு பதிவாகிவிட்டது. புருஷன் முனிரத்தினம் தனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே, “வேற எதுனா பேரச் சொல்லு, சும்மா ஒரு பேரு” என்றான். லட்சுமி என்று சொன்னாள். “குரலும் பெயரும் பொருந்தவில்லை” என்றது பெட்டி. அதற்குள் எஸ்தர் நாலு தடவை அதை அணைத்துப் போட்டிருந்தாள். சம்மதம் பதிவாகாமல் அறுவை அரங்கின் கதவு திறக்காது. மயக்க மருந்து அலமாரியும் திறக்காது. டாக்டர் சிபி கதவைக் காலால் உதைத்தார். பிறகு மாவட்ட அதிகாரியைக் கூப்பிட்டார். அந்தப் பூட்டை வெளியிலிருந்து திறக்க அவர் ஒருவர் குரலுக்குத்தான் அதிகாரம். அவர் கூட்டத்தில் இருந்தார். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எடுத்துப் போக வண்டி வரவழைத்தார்கள். வண்டி வருவதற்குள் அதிகாரி கூட்டத்திலிருந்து வந்துவிட்டார். கதவு திறந்தபோது நாற்பத்து மூன்று நிமிடம் போயிருந்தது.

பெண் குழந்தை. பத்தொன்பது நிமிடம் உயிரோடு இருந்தது.

*

அந்தப் பெயரோடு முப்பத்தொரு வருஷம் காலம் தள்ளியவள் அவள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைப் படிக்கும்போது, “வேண்டாம்னா விட்டுடுங்க சார்” என்று பின்வரிசைப் பையன்கள் கத்துவார்கள். ஒரகடத்துப் பேட்டரி தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஆன பிறகும், டீ கொண்டுவருகிறவன் “வேண்டாம் மேடத்துக்கு டீ வேணுமாம்” என்று சொல்லிச் சிரிப்பான். எல்லாச் சேவையும் குரல் வழிக்கு மாறியபோது ரேஷன், பேருந்து, வங்கி என்று ஒவ்வொரு பெட்டியோடும் சண்டை போட்டாள். அங்கெல்லாம் விரலால் தட்டி வேலையை முடித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. மருத்துவமனையில் இல்லை.

பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லாத ஆள் கிடையாது. அவள் மாற்றவில்லை. “வெச்சவங்களுக்கு வெக்கமா இருக்கட்டும். எனக்கு இன்னா வெக்கம்?” என்பாள். பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தியும் கிளம்பும்போது அதையே எடுத்தாள். அப்பவே மாத்தியிருந்தா, பாவம், குழந்தை இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்து வழியனுப்பிவிட்டு வந்து வேண்டாம் அந்தச் சொம்பைச் சுவரில் எறிந்தாள்.

கன்னியப்பன் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார். மகனில்லாத அவர் இந்த மகளோடுதான் இருந்தார்.

“இப்பவாச்சும் மாத்திடும்மா” என்றார்.

“நீ மாத்தியிருக்கலாமே நைனா. முப்பத்தோரு வருசம் இன்னா பண்ணே?”

“ஊருல எல்லாரும் வெச்சாங்க. அது ஒரு பழக்கம். உன்னை நான் கொறையா வளத்தேனா? படிக்க வெக்கலையா? உங்க அக்காளுங்க ரெண்டு பேரை விடவும் உனக்குத்தான் செஞ்சேன்.”

“வளத்தே. இல்லேன்னு யார் சொன்னாங்க? எதுக்கு வளத்தே, வேண்டாம்னுட்டு?”

அவள் அதற்குப் பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

*

விசாரணை சென்னையில் நடந்தது. மருத்துவ ஒப்புதல் ஆணையத்தின் தலைவி சகாயராணி, அறுபது வயதுக்காரர், தூத்துக்குடிப் பக்கம். பக்கத்தில் ஒரு பொறியாளர். மேஜை மேல் ஒரு காகிதக் கட்டு. பேச ஆரம்பிக்கும் முன் சகாயராணி எழுந்து வந்து வேண்டாத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை உருவிக்கொண்டாள்.

“என் பேர்தான் உங்க குரல் பதிவுப் பட்டியல்ல இருக்கே. அது பேருன்னு மிசினுக்குத் தெரியும். அப்புறம் ஏன் நின்னுச்சு?”

“தெரியும். தெரிஞ்சும் நிக்கணும்னுதான் சட்டம்” என்றார் சகாயராணி. “ஏன்னு சொல்லுதேன், கேளுங்க. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மில் விடுதியில இருபத்தாறு பிள்ளைகளுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டாங்க. எல்லார் பேர்லயும் சம்மதக் கையெழுத்து இருந்துச்சு. ஒருத்தி கூடப் போடல. நான்தான் அந்த வழக்கை நடத்தினேன். ஆபரேஷன் தியேட்டர் பதிவைக் கோர்ட்டுல போட்டுக் கேட்டோம். வேண்டாம், வேண்டாம்னு அந்தப் பிள்ளைக கத்துதுக. பக்கத்துல ஒருத்தன் சிரிக்கான்.”

சகாயராணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அதுக்கப்புறம் வாங்கின சட்டம் இது. மறுப்பே முதல். ஒரு பெண் வாயிலேர்ந்து அந்தச் சொல் வந்துட்டா, முன்னாடி என்ன சொன்னா, பின்னாடி என்ன சொன்னான்னு எந்த மிஷினும் எந்த டாக்டரும் அர்த்தம் பார்க்கக் கூடாது. அப்படியே நிக்கணும். அதுக்கு விதிவிலக்கே கிடையாது.”

“எனக்கு மட்டும் விலக்கு குடுத்தா?”

“குடுத்தா, நாளைக்கு உங்களுக்கு நிஜமாவே ஒண்ணு வேண்டாம்னா என்ன செய்வீங்க? நீங்க கத்துவீங்க. மிஷின் ஏதோ பேரைச் சொல்லுதாங்கன்னு நினைச்சுக்கிட்டு வேலையை நடத்தும். அது மட்டுமில்ல. விலக்கு இருக்குன்னு தெரிஞ்சா அந்த மில்லுக்காரன் மாதிரி ஆளுக என்ன செய்வான்? விடுதியில சேரும்போதே எல்லாப் பிள்ளைக பேரையும் வேண்டாம்னு மாத்திட்டுத்தான் சேப்பான்.”

வேண்டாம் மேஜை மேலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தாள். அந்த அம்மாள் பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள். சொன்னது நியாயமாக இருந்தது. அதுதான் அவளை எரித்தது. இருபத்தாறு பெண்களின் நியாயம் அவள் வயிற்றில் வந்து இறங்கியிருந்தது.

“அப்போ என் பேருகாரிங்க சாவணும்.”

“பேரை மாத்திக்கிடலாம்மா. புதுப் பேருக்குக் குரலைத் திரும்பப் பதியணும், ஒரு மாசம் ஆகும்…”

“நான் மாத்தணும். சட்டம் மாத்தாது, மிசின் மாத்தாது, பேரை வெச்ச ஆம்பள மாத்தமாட்டான். இதுல ஒண்ணும் பண்ணாதவ நான் ஒருத்தி. நான்தான் மாத்தணும்.”

பொறியாளர் தொண்டையைச் செருமினார். “அடுத்த பதிப்புல ஏதாவது வழி பார்க்கலாம் மேடம். ஆறு மாசம் ஆகும். மாநிலம் முழுக்க உங்க பேர் உள்ளவங்க இருநூத்தி நாப்பது பேர்தான்.”

“தானா?”

பொறியாளர் எதிரிலிருந்த திரையைப் பார்த்தார்.

“அதுல மாசமா இருக்கறவங்க எத்தினி பேரு? பாத்துச் சொல்லுங்க.”

அவர் சகாயராணியைப் பார்த்தார். சகாயராணி தலையசைத்தார். பொறியாளர் தட்டினார். “மூணு.”

யார், எந்த ஊர் என்று சொல்ல மறுத்துவிட்டார்கள். அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. போகும்போது காகிதக் கட்டிலிருந்து ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தார்கள். குழந்தையின் பதிவு. பெயர் வைக்கும் வரை எல்லாக் குழந்தையையும் தாயின் பெயரால் எழுதுவது வழக்கம். ஹசீனா குழந்தை, சரோஜா குழந்தை என்று தொட்டிலில் மாட்டியிருப்பார்கள். அவள் கையிலிருந்த தாளில், பெயர் என்ற இடத்துக்கு நேராக, வேண்டாம் குழந்தை என்று அச்சாகியிருந்தது.

வேண்டாம் அந்தத் தாளை மேஜையில் திருப்பி வைத்தாள். “இத மாத்துங்க. மொதல்ல இத மாத்துங்க.”

சகாயராணி படித்தார். அவர் முகம் மாறியது. பொறியாளர்தான் பதில் சொன்னார். உயிரோடு இருக்கும் குழந்தைக்குத்தான் பெயர் பதிய முடியும். இறந்த குழந்தைக்கு அந்த இடம் பூட்டப்பட்டிருக்கும்.

“அதையும் பூட்டிட்டீங்களா” என்றாள்.

*

தொழிற்சாலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எல்லையோர ஊர்களில் அங்கன்வாடி அங்கன்வாடியாக நின்றாள். அந்தப் பெயர் எந்தப் பக்கத்து ஊர்களில் விளையும் என்று அவளுக்குத் தெரியாதா? நான்காம் நாள் ஒருத்தி கிடைத்தாள். இருபது வயது. வீட்டில் அம்முலு என்று கூப்பிட்டார்கள். பதிவில் வேண்டாம். பிரசவத்துக்கு இன்னும் பதினொரு நாள்.

இருபது வயது என்றதும் வேண்டாம் மறுபடியும் வயதைக் கேட்டாள். தன்னோடு முடிந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். தனக்குப் பதினொரு வருஷம் கழித்தும், வீட்டுக்கு வீடு பேசும் பெட்டி வந்த பிறகும், ஒருத்தன் உட்கார்ந்து யோசித்து அதே பெயரை வைத்திருக்கிறான்.

“மாத்தறதுக்கு எழுதிப் போடலாம்னாங்க, மாசமா இருக்கறப்போ அலைய வேணாம்னு எங்க அத்தைதான்…” என்றாள் அம்முலு. “ஏங்கா, சுகப்பிரசவமா ஆயிட்டா ஒண்ணும் இல்லையே?”

“ஆயிட்டா ஒண்ணும் இல்ல.”

ஆகவில்லை. அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் வலி கண்டது. வேண்டாம் கூடவே போனாள். அந்தப் பக்கத்துக்கெல்லாம் இருக்கிற ஒரே மருத்துவமனை. அதே படி, அதே பினாயில் வாசனை. டாக்டர் சிபி அம்முலுவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குழந்தை குறுக்கே கிடந்தது. பெயரைக் கேட்டார். அம்முலு சொன்னாள். அவர் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகுதான் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். அவள் யார் என்று ஞாபகம் வந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

மாவட்ட அதிகாரிக்கு உடனே அழைப்பு போட்டார். “இந்தத் தடவ எடுப்பாரு. சொல்லி வெச்சிருக்கேன்.” மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பெட்டி கேட்டது. அம்முலு பெயரைச் சொன்னாள், சம்மதம் என்றாள். “மறுப்பு பதிவாகிவிட்டது” என்றது பெட்டி. எஸ்தரின் கை அதை அணைக்கப் போனது.

வேண்டாம் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மறுபடியும் முதலிலிருந்து அதே கேள்வியைக் கேட்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

“அணைக்காதீங்க. இதுக்கப்புறம் அது இன்னா கேக்கும்?”

“ஒண்ணும் இல்லக்கா, வழக்கமா கேக்கறதுதான். நேரம் போகுது, விடுங்க…”

“கேக்கட்டும்.”

பெட்டி கொஞ்சம் தாமதித்தது. பிறகு, “சிகிச்சை பெறாமல் மருத்துவமனையை விட்டு வெளியேறச் சம்மதமா? உங்கள் பெயரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள்” என்றது.

அம்முலு பயந்து போய் வேண்டாத்தைப் பார்த்தாள். வெளியேறுவதா?

“பேரைச் சொல்லுடி” என்றாள் வேண்டாம். “பேரை மட்டும் சொல்லு.”

“வேண்டாம்” என்றாள் அம்முலு.

“மறுப்பு பதிவாகிவிட்டது. வெளியேற நோயாளி மறுக்கிறார். சிகிச்சை அளிப்பது மருத்துவமனையின் கடமை. அரங்கு திறக்கப்படுகிறது.”

கதவு திறந்தது. யாரும் அசையவில்லை. முதலில் அசைந்தது டாக்டர் சிபிதான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

வேண்டாம் வராந்தாவில் தனியாக நின்றாள். அன்றைக்கு நாற்பத்து மூன்று நிமிடம் அவர்கள் கதவை உதைத்தார்கள், போன் போட்டார்கள், வண்டி தேடினார்கள். நாலு தடவை பெட்டியை அணைத்துப் போட்டார்கள். ஒரு தடவையாவது அது பேசி முடிக்கும் வரை விட்டிருந்தால் போதும். அரை நிமிடம் கூட ஆகியிருக்காது. கேள்வி அங்கேயே இருந்தது. அவள் பெயர்தான் அதற்குப் பதில். சுவரைப் பிடித்துக்கொள்ளப் போனவள், அது அந்தப் பெட்டி இருக்கும் சுவர் என்று தெரிந்து கையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து எஸ்தர் வெளியே வந்தாள். “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றவள், முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு நாலு தடவ அணைச்சீங்க” என்றாள் வேண்டாம்.

“ஆமாக்கா.”

“ஒருத்தருக்கும் தோணலையா?”

“தோணலக்கா. சீக்கிரம் ஆகட்டும்னுதான் அணைச்சேன். அடிங்கக்கா. என்னை அடிச்சிடுங்க.”

வேண்டாம் அடிக்கவில்லை. அடித்தால் எஸ்தருக்கு மனசு ஆறிவிடும் என்று தோன்றியது.

*

இரண்டு நாள் கழித்து சகாயராணி நேரில் வந்தார். அம்முலுவையும் குழந்தையையும் பார்த்தார். பிறகு வராந்தா பெஞ்சில் வேண்டாத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அந்த இரண்டாவது கேள்வியையும் நான்தான் எழுதினேன்” என்றார். “வலியில துடிக்கிற பிள்ளைகளை மாமியார் வீட்டுக்காரங்க செலவாகும்னு வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க. அதைத் தடுக்கத்தான். நான் எழுதின கேள்வி, எனக்கே தோணலம்மா. விசாரணை அன்னைக்கு மூணு மணி நேரம் உங்க முன்னாடி உட்கார்ந்து சட்டம் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“ஆமா. சொன்னீங்க.”

“இன்னைக்கு எல்லா மருத்துவமனைக்கும் சுற்றறிக்கை போயிருச்சு. இப்படிப் பேர் உள்ளவங்ககிட்ட இரண்டாவது கேள்வியை முதல்ல கேக்கணும்னு. ஒரு வரிதான்.”

ஒரு வரிதான் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. வேண்டாம் ஆறுதல் சொல்லவில்லை.

“உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்? எது கேட்டாலும் செய்யுதேன்.”

“எம் பொண்ணுக்குப் பேர் வெக்கணும்.”

இறந்த குழந்தையின் பெயருக்குப் போட்ட பூட்டைப் பற்றிச் சகாயராணி யோசித்தார் போலிருக்கிறது. பிறகு எழுந்து, வராந்தாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டு போனில் நாலைந்து பேரோடு பேசினார். கடைசியில் ஒருவரிடம் கத்தினார். திரும்பி வந்து, “வர்ற திங்கக்கிழமை. பதிவாளர் அலுவலகத்துல கையால எழுதித் தருவாங்க. வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் சாட்சிக்கு வரணும்” என்றார்.

திங்கட்கிழமை அவளும் முனிரத்தினமும் போனார்கள். சாட்சிக்குக் கன்னியப்பனைக் கூட்டிப் போனாள். பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

எழுத்தர் இளைஞர், கண்ணாடி போட்டவர். பெரிய பதிவேட்டைத் திறந்து, “குழந்தை பேர் என்னங்கம்மா?” என்றார்.

“யாழினி.”

“யாழினியா?” அவர் சிரித்தார். என்ன விஷயம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. “இந்தப் பேர்ல எங்க ஆபீஸ்லயே மூணு பேர் இருக்காங்க. இப்பல்லாம் புதுசா, யாருக்கும் இல்லாததா கேப்பாங்க. வேற ஏதாவது வெக்கலாமே?”

“யாருக்கும் இல்லாத பேரு எங்கிட்ட இருக்குதுங்க. அது போதும். கிளாஸ்ல கூப்பிட்டா நாலு பொண்ணுங்க திரும்பிப் பாக்கணும். அந்த மாதிரி எழுதுங்க.”

முனிரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழுத்தர் எழுதினார். மீதி விவரங்களை அவள் கொடுத்த தாளைப் பார்த்து நிரப்பினார். இறந்த தேதி என்ற இடத்துக்கு வந்தபோதுதான் அவருடைய பேனா நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. எழுதி முடித்து, விதிப்படி எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“குழந்தை, யாழினி. பெண். தகப்பனார், முனிரத்தினம். தாய், வேண்டாம்…”

அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து வாசித்துவிட்டதை அவர் காது அவருக்குச் சொன்னது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க” என்றாள் வேண்டாம்.

“இல்லம்மா, அது… தப்பா எழுதிட்டாங்களோன்னு…”

“தப்பா எழுதல. அது என் பேரு.”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் பெரியவரைப் பார்த்தார். “யாருங்க ஐயா இப்படியெல்லாம் பேர் வெக்கிறது?” என்றார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை.

முனிரத்தினம் தரையைப் பார்த்தான். வேண்டாம் தரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஊர்ப் பழக்கம் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்துக்காக எடுத்து வைத்திருந்த பேனாவைப் பதிவேட்டின் மேல் வைத்தார்.

“நான்தாங்க வெச்சேன்” என்றார் கன்னியப்பன்.